கழற்றிவைத்த முன் ராடு

பிஸ்மில்லாஹ்

நாகூர்,
17.12.2008, புதன்.

அன்பிற்குரிய மருமகன் ஃபாஜில் அவர்களுக்கு, மாமனார் மீரா உசேன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே உங்கள் மாமி சைத்தூன் பீவி, மகள் ஃபஹ்மிதா, பேத்தி ஷமா எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். புயலில் ஷமாவுக்குப் பிடித்த சளி இறங்கிவிட்டது. நேற்றிலிருந்து சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். என் சுகத்தைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதவில்லை. கடிதத்தைப் படித்து முடித்தபிறகு நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

தர்கா வாசல் கடையைத் திறந்துவிட்டேன். அத்தர் புட்டிகள் மேல்தட்டில் இருந்ததால் தப்பின. தொப்பிகள் அத்தனையும் வெள்ளத்தில் ஊறிவிட்டன. வெயிலில் போட்டு எடுத்தால் ஒவ்வொன்றும் சிறுபிள்ளைத் தலைக்குத்தான் சேரும்போல் சுருங்கியிருக்கிறது. மாமி அதைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டில் யாராவது சிரித்து நாளாகிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

வாரம் தவறாமல் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் சொல்ல முயன்றேன், நாக்கு எழவில்லை. பெருநாளன்று வாழ்த்துச் சொன்ன கையோடு, "வண்டி எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டீர்கள். "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனை ஃபஹ்மிதா கையில் திணித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது. அங்கே உங்களோடு இருக்கும் ஜெக்கரியா பெருநாளுக்கு ஊர் வந்துவிட்டு, சனிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். தயவு செய்து தனியாக இருக்கும்போது படியுங்கள்.

வண்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போன வருஷம் விடுமுறையில் வந்தபோது தஞ்சாவூரில் தேடி அலைந்து அந்த ஃபோர் வீல் வண்டியை வாங்கி நம் வாசலில் நிறுத்தினீர்கள். இந்த ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பது வழக்கம், அதனால் அது என் வீட்டு வண்டி என்றே ஊரில் பேர் வந்தது. நானும் மறுக்கவில்லை. புறப்படும் முன் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். மாதம் ஒருமுறையாவது சின்ன லீவரைப் போட்டு நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி மண்ணில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் முன்பக்கம் எண்ணெய் காய்ந்து இறுகிவிடும் என்றீர்கள். தார் ரோட்டில் மட்டும் அந்த லீவரைத் தொடவே வேண்டாம் என்றீர்கள். திரும்பும்போது முன் சக்கரம் ஒரு கணக்கு, பின் சக்கரம் ஒரு கணக்கு சுற்றும், சகதி என்றால் வழுக்கி விட்டுக்கொடுக்கும், தார் விட்டுக்கொடுக்காது என்று வாசல் மணலில் விரலால் கோடு கிழித்துக்கூடக் காட்டினீர்கள். நான் தலையை ஆட்டினேன். மருமகனிடம் பாடம் கேட்கிறோமே என்று உள்ளுக்குள் ஒரு முறுக்கு இருந்தது. அதனால் பாதிதான் காதில் ஏறியது.

என் தம்பி மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் நம் வண்டியில்தான் போனது என்று உங்களுக்குத் தெரியும், போட்டோவும் அனுப்பினேன். போட்டோவில் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு நான் லீவரைப் போட்டுத்தான் ஓட்டினேன். சகதியும் இல்லை, மணலும் இல்லை, நகராட்சி போட்ட நல்ல தார் ரோடு. நாலு சக்கரமும் இழுக்கிறது பார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையடித்துக்கொண்டு போனேன். கடைத்தெருத் திருப்பத்தில் ஸ்டீயரிங் கையை உடைக்கிற மாதிரி இழுத்தது. அடியில் கடகடவென்று சத்தம். பைத்துப் பாடி வந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். பின்சீட்டில் மாப்பிள்ளை மாலையோடு குலுங்கினார்.

மறுநாள் நாகப்பட்டினத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். லீவரை எடுத்துவிட்டாலே போதும், வண்டியில் கோளாறு ஒன்றுமில்லை என்று அவர் முதலில் சொன்னார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை, சத்தமே வரக்கூடாது என்றேன். அப்படியானால் முன் சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் ராடைக் கழற்றிவிடலாம், டெல்டாவில் எந்த மலை ஏறப்போகிறீர்கள் பாய், வண்டி லேசாக ஓடும் என்றார். கழற்றிவிடச் சொன்னேன். ராடைச் சாக்கில் சுற்றிக் கொல்லையில் விறகுக் கொட்டகைக்குள் போட்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் போனில் கேட்ட ஒவ்வொரு முறையும், லீவரைப் போட்டு ஆற்றங்கரை வரைக்கும் ஓட்டிவிட்டு வந்தேன் மாப்பிள்ளை என்று சொன்னதெல்லாம் பொய். வண்டிக்குப் பின்னால் நாலு சக்கர இழுவை என்று காட்டும் வெள்ளி எழுத்து இருக்கிறதே, அதை மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்து வந்தேன்.

இனிப் புயலுக்கு வருகிறேன். காற்று அடங்கிய பிறகும் மழை விடவில்லை. வெட்டாறு கரை மீறி, வடக்குவெளியில் சம்பா நடவு முழுக்கத் தண்ணீருக்கடியில் போய்விட்டது. கரண்டு இல்லை, போன் எல்லாம் செத்துக் கிடந்தது. பள்ளிவாசலில் சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டுக்கொண்டிருந்தோம். அஸர் தொழுது முடித்து நாங்கள் வெளியே வரும்போது வடக்குவெளி ஐயாவு இடுப்புவரை சேறாக ஓடிவந்தார். நம் வீட்டுக்கு வருஷா வருஷம் அரிசி கொண்டுவந்து கொடுப்பாரே, அவர்தான். ஷமா பிறந்தபோது சீம்பால் கொண்டுவந்தவர். அவர் மனைவி ஆனந்தம் ஆட்டுக்குட்டியை மேட்டுக்கு ஏற்றப் போன இடத்தில் விரியன் காலில் கடித்துவிட்டது. அவர்கள் பக்கத்து டிராக்டர் முதல் நாளே மதகில் சாய்ந்து கிடந்தது. கரை ரோடு முழங்கால் தண்ணீரும் களிமண் சகதியுமாக இருக்கிறது, வேறு எந்த வண்டியும் வராது, பாய் வீட்டு வண்டி வந்துவிடும் என்றார். கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். முன் ராடு இல்லை, வண்டி பின் சக்கரத்தில்தான் ஓடும், களிமண்ணில் இறங்கினால் புதைந்துவிடும், வேறு வழி பாருங்கள் என்று. சொல்லியிருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள். அது ஊர்வலத்தன்று சிரித்ததைவிடக் கூடுதலாக இருந்திருக்காது. ஆனால் ஜமாஅத் தலைவர் ஹாஜா மைதீன் முன்னால், அத்தனை பேர் முன்னால், எனக்கு வாய் வரவில்லை. மருமகன் வண்டி, அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அவர்கள் மழையில் வாசலில் நின்றார்கள். நான் செத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மனதுக்குள் என்ன ஓடியது என்று கேட்காதீர்கள். விறகுக் கொட்டகையில் கிடக்கும் ராடு ஓடியது. பிறகு வெளியே வந்து, "மாப்பிள்ளை வேணாம்னு சொல்லிட்டாரு, வண்டியைத் தண்ணியில இறக்க வேணாங்கிறாரு" என்றேன்.

ஐயாவு கும்பிட்டுவிட்டு ஓடினார். ஹாஜா மைதீன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பள்ளிவாசலுக்குப் போய், கந்தூரிச் சோறு ஆக்குகிற பெரிய தேக்சாவைக் கவிழ்த்துக் கொட்டச் சொன்னார். ஆறேழு பேர் அதைத் தூக்கிக்கொண்டு போய், வயல் குறுக்கே மார்பளவு தண்ணீரில் அதை மிதக்கவிட்டு, ஆனந்தத்தை அதில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இக்கரைக்கு வந்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைத்தது. உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். புண் இன்னும் ஆறவில்லை. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் விரல் நின்றிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அந்தக் கொஞ்ச நேரம் என் வீட்டு வாசலில் நின்ற நேரம்தான். வண்டி போகாது என்பது என் குற்றத்தில் பாதி. போகாத வண்டிக்காக அவர்களைக் காக்கவைத்தது மற்ற பாதி. அந்த மற்ற பாதிதான் என்னைத் தின்கிறது.

அன்றைக்கு வாசலை விட்டு எல்லோரும் போனபிறகு ஃபஹ்மிதா கேட்டாள். "வாப்பா, போன்தான் முந்தாநாளே செத்துப்போச்சே, அவங்ககிட்ட எப்படிக் கேட்டீங்க?" நான் செத்த போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். அவளும் திருப்பிக் கேட்கவில்லை. போன் வந்தபிறகு உங்களிடம் சொல்லிவிடுவாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும்" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். எனக்குச் சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், முன்போல எதிரில் உட்காருவதில்லை.

தண்ணீர் வடிந்ததும் மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்து ராடை மாட்டினேன். நல்ல புத்தி வந்து மாட்டினேன் என்று நினைக்காதீர்கள். தையில் நீங்கள் வருவதற்குள் சத்தமில்லாமல் மாட்டிவைத்துவிடலாம் என்றுதான் மாட்டினேன். வாசலில் அச்சுவரை தண்ணீர் நின்றதால், அடியில் எண்ணெயைத் திறந்தால் பால் ஊற்றிய டீ மாதிரி ஒழுகியது. தண்ணீர் புகுந்தால் செய்யச் சொல்லி நீங்கள் முன்பே சொல்லியிருந்தபடி முன்னும் பின்னும் முழுக்க வடித்துப் புதிதாக மாற்றியாயிற்று. பிரேக்கைக் கழற்றிச் சேறு எடுத்தாயிற்று. ஐயாவு ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் கடைக்கு வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ புட்டியைத் துடைத்தேன். அவர் எனக்கு ஆறுதல் சொன்னார், மாப்பிள்ளை. "மருமவன்கிட்ட கோவிச்சுக்காதீங்க பாய், தூரத்துல இருக்குறவருக்கு இங்க நிலவரம் என்ன தெரியும்" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஊரில் உங்கள் பேர் என்ன ஆயிற்று என்று எழுதக் கை கூசுகிறது. ஒரு உயிரைவிட வண்டியைப் பெரிதாக நினைத்தவர் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். நான் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள், எனக்காகப் பரிதாபப்படுகிறார்கள். அந்தப் பரிதாபத்தையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இத்தனையும் இப்படியே மூடிக்கிடந்திருக்கும். நேற்று ஜெக்கரியா கடைக்கு வந்தார். பெருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மஸ்கட் ருவியில் உங்கள் அறையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணன் முறையில் நீங்கள் நானா என்று கூப்பிடுகிற ஒருவர் உங்களிடம், உயிருக்குப் போராடினவளுக்கு வண்டி தரமாட்டேன் என்றீர்களாமே என்று கேட்டாராம். நீங்கள் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமா நானா, ஆசையா வாங்கின வண்டி, தண்ணியில இறக்க மனசு வரல" என்றீர்களாம். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினீர்களாம். உங்கள் மருமகன் இப்படிப்பட்டவர் என்று நினைக்கவில்லை என்று ஜெக்கரியா என்னிடம் வருத்தப்பட்டார்.

நான் உங்களிடம் கேட்கவே இல்லை. போன் செத்துக் கிடந்தது உங்களுக்கும் தெரியும். நான் பொய் சொல்லியிருக்கிறேன் என்று அந்த நிமிஷமே உங்களுக்குப் புரிந்திருக்கும். ஏன் என்று தெரியாமலேயே என் பொய்யைத் தூக்கி உங்கள் தலையில் வைத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகுதான் பெருநாளன்று, வண்டி எப்படி இருக்கு மாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லிவிட எனக்கு ஒரு வழி திறந்து வைத்திருக்கிறீர்கள். நான் நல்லா இருக்கு என்று கதவைச் சாத்திவிட்டேன்.

வயதில் மூத்தவன், மகளைக் கொடுத்தவன். எந்த முகத்தோடு உங்கள் முன்னால் நிற்பேன் என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் எழுந்து நின்று சொல்லப்போகிறேன். நீங்கள் எனக்காகச் சொன்னதை நான் பொய்யாக்கிவிடுவேன், அதற்கும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். உறையை இன்னும் ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமை எனக்குத் தைரியம் வந்ததா இல்லையா என்று எழுதிவிட்டுத்தான் ஒட்டுவேன்.

19.12.2008, வெள்ளி.

சொல்லிவிட்டேன்.

தொழுகை முடிந்ததும் ஹாஜா மைதீனிடம் இரண்டு வார்த்தை பேச அனுமதி கேட்டேன். ஏதோ நிவாரண விஷயம் என்று நினைத்து மைக்கை நீட்டினார், வேண்டாம் என்றேன். "என் மருமகன் வேணாம்னு சொல்லல. நான் அவரைக் கேக்கவே இல்ல. வண்டியில முன் ராடைக் கழட்டிப் போட்டிருந்தேன், அதைச் சொல்ல வெக்கப்பட்டு அவர் பேரைச் சொன்னேன்." இவ்வளவுதான் சொன்னேன். பின்வரிசையில் யாரோ ஊர்வலத்தை நினைத்துச் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர் அதட்டினார். ஹாஜா மைதீன் கையில் இருந்த மைக்கை அதன் இடத்தில் வைத்தார். பிறகு, "உக்காருங்க" என்றார். அதட்டலும் இல்லை, ஆறுதலும் இல்லை. வெளியே வந்தபோது சிலர் சலாம் சொன்னார்கள், சிலர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்கள். கூட்டத்தில் ஜெக்கரியாவும் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. உங்களைத் தப்பாக நினைத்துவிட்டாராம், திரும்பிப்போய் உங்களிடம் எப்படிப் பேசுவது என்று என்னைக் கேட்டார்.

பள்ளிவாசலில் சொன்னது ஐயாவுக்குச் சொன்னதாகாது. வீட்டுக்கு வந்து சாவியை எடுத்தேன். முந்தின நாள் மறுபடி மழை பெய்து கரை ரோடு களியாகக் கிடந்தது. ரோட்டின் முனையில் நிறுத்தி, இறங்கி, முன் சக்கரங்களை இழுவையோடு சேர்க்கும் பூட்டுகளைத் திருப்பினேன். நீங்கள் சொல்லிக் கொடுத்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். லீவரைப் போட்டு, சின்ன கியரில், பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை ஒரே சீராக மிதித்துக்கொண்டு போனேன். பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. பள்ளத்தில் தண்ணீர் கதவு வரை வந்தது, வண்டி பாட்டுக்கு ஏறிவிட்டது. வாயில் போட்ட வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் ஐயாவு வாசலில் நின்றேன். அவ்வளவு சின்ன தூரம் மாப்பிள்ளை. ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

ஆனந்தம் காலைக் கட்டி நீட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தாள். இருவரிடமும் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஐயாவு எழுந்துபோய் வண்டியின் முன் சக்கரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "அப்ப அந்தத் தம்பி மேல தப்பே இல்லீங்களா" என்று கேட்டார். இல்லை என்றேன். "நான் கண்டவங்ககிட்டயெல்லாம் அவரைப் பத்திப் பேசிட்டேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். என்னைத் திட்டவேண்டிய மனிதர் தான் செய்த குற்றமாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆனந்தம்தான் என்னை நேராகப் பார்த்தாள். "தேக்சாவுல தள்ளிக்கிட்டுப் போறப்ப வலி பொறுக்காம வழி நெடுக உங்க மருமவனைத்தான் சபிச்சுக்கிட்டுப் போனேன் பாய். அவரு வந்தா இங்க அழைச்சிக்கிட்டு வாங்க. அந்த வாக்கை நான் திருப்பி வாங்கணும்" என்றாள்.

அதைக் கேட்டதிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. நீங்கள் மணலிலும் மலையிலும் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர். எனக்கு வந்திருக்க வேண்டிய சாபத்தை உங்கள் பேருக்கு அனுப்பிவைத்தவன் நான். தையில் நீங்கள் வந்து அவள் முன்னால் நிற்கிறவரைக்கும் தயவு செய்து மெதுவாக ஓட்டுங்கள். காற்று எழுந்தால் நிறுத்திவிடுங்கள். ஐந்து நேரமும் உங்களுக்காகத்தான் கையேந்துகிறேன். யா அல்லாஹ், என் மருமகன் போகும் வழியை லேசாக்கு, அவர்மேல் விழுந்ததை என்மேல் இறக்கு.

வீடு திரும்பியபோது வண்டி முழுக்கச் சேறு. ஃபஹ்மிதா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் பேசாமல் அடிப்பக்கமெல்லாம் கழுவினோம். பின்னால் இருந்த வெள்ளி எழுத்துக்கு வந்ததும் நான் கையை எடுத்துவிட்டேன். அதை நீங்கள் வந்து துடையுங்கள்.

திருச்சி விமான நிலையத்துக்கு உங்களை அழைக்க வண்டியைக் கொண்டுவருவேன். வரும்போது நான் ஓட்டுகிறேன், திரும்பும்போது நீங்கள் ஓட்டுங்கள். முன்னால் ஃபஹ்மிதா உட்காரட்டும், நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். வழியில் எதுவும் பேசாவிட்டாலும் சரி.

உங்கள் மாமா என்று எழுதித்தான் எப்போதும் முடிப்பேன். இந்த முறை பேரை மட்டும் எழுதுகிறேன். மற்றதை நீங்கள் வந்து இறங்கி, வாய் திறந்து கூப்பிட்டால் எடுத்துக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.

மீரா உசேன்